பதினான்கு கிலோ கம்பளி நூல்

சரதோவ்
1987 செப்டம்பர் 14

ஸோயா,

முந்தாநாள் உன் மகளிடம் உருளைக்கிழங்கு வாங்கினேன்.

பதினேழு வருஷம் கழித்து எழுதுகிற கடிதத்தை இப்படியா ஆரம்பிப்பது என்று நீ பல்லைக் கடிப்பாய். வேறு எப்படி ஆரம்பித்தாலும் பொய்யாகிவிடும். கீரவில் ஒரு கூடைப்பந்து ஆட்டம் முடித்துவிட்டு மாஸ்கோ ரயிலில் வந்துகொண்டிருந்தேன். மந்துரவோ நிலையத்தில் ஆறு நிமிடம் நிற்கும். பெண்கள் எல்லாரும் வாளியும் பொட்டலமுமாக ஜன்னலுக்கு ஜன்னல் எட்டி எட்டி நீட்டுகிறார்கள். அங்கே நடைமேடை எவ்வளவு தாழ்வு என்று உனக்குத் தெரியும். ஒருத்திக்கு மட்டும் எட்டி நீட்ட வேண்டியிருக்கவில்லை. மேசையில் பரிமாறுவது போல என் மூக்குக்கு நேரே பொட்டலத்தை வைத்தாள். சூடு ஆறாத கிழங்கு, மேலே பொடிப்பொடியாக சோயிக்கீரை.

"கையக் காட்டுடி பொண்ணே" என்றேன்.

"காசு அப்புறம் குடுங்க, ஒண்ணும் அவசரமில்ல."

"காசு கிடக்கட்டும். கையக் காட்டு."

என் உள்ளங்கையோடு வைத்துப் பார்த்தேன். என் கையைவிட அரை விரல் பெரிது. ஐரோப்பா முழுக்க என் கையைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறார்கள், ஸோயா. "உங்கம்மா யாரு?" என்று கேட்டேன். "ஸோயா. ரொட்டிக் கடைல வேலை. ஏன், கிழங்குல உப்பு பத்தலையா?" என்றாள். அதே இடது புருவம், அதே வாய்க்கொழுப்பு.

ரயில் நகர்ந்த பிறகு "மிச்சக் காசு, மிச்சக் காசு!" என்று கத்திக்கொண்டு கூடவே ஓடி வந்தாள். எட்டே எட்டு எடுத்து வைத்தாள், என் கையில் சில்லறை விழுந்தது. அந்த எட்டு அடியையும் நான் நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். அவளை என்னிடம் அனுப்பு. இங்கே விளையாட்டு விடுதிப் பள்ளி இருக்கிறது. படிப்பு, சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்கேயே. நான் முப்பத்தைந்து வயது வரை ஆடினேன், நான்கு முறை ஐரோப்பியச் சாம்பியன், எட்டு வருஷமாகப் பயிற்சியாளர். இதெல்லாம் நீ பத்திரிகையில் பார்த்திருப்பாய். பார்க்காதது இது: என் தொழிற்சாலை அணி கடைசிக்கு முந்தின இடத்தில் கிடக்கிறது, கூடைக்கு அடியில் நிற்கிறவள் கல்யாணம் முடித்து ஆறு மாதக் கர்ப்பம். இந்தப் பருவத்தில் அணி கீழே இறங்கினால் என்னை அனுப்பிவிடுவார்கள். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

ரிம்மா


வெர்க்னி லோக் கிராமம், கஸ்த்ரமா வட்டாரம்
1987 அக்டோபர் 3

மதிப்புக்குரிய ரிம்மா சவேல்யெவ்னா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. திட்டியாவது எழுதச் சொல்லியிருந்தீர்கள். நான்கு முறை சாம்பியனைத் திட்டுகிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை.

என் மகள் வார்யாவுக்குக் கூடைப்பந்து தெரியாது. இந்த ஊரில் பந்து என்றாலே கோதுமை மாவு உருண்டைதான். எட்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். அடுத்த வருஷம் ஷாரியா ஊரில் கால்நடை மருத்துவ உதவியாளர் படிப்பில் சேர்வாள். மாடுகளுக்கு அவளைப் பிடிக்கும். மாடுகள் யாருக்கும் எதிராகக் கை தூக்குவதில்லை.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் கம்பளி நூலைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா என்று இரண்டு முறை தேடினேன். என் கணவர் யெகோர் கேட்டார், "என்னத்தடி தேடுற, கண்ணாடிய விட்டுட்டியா?" என்று. அவருக்கு நான் ஒன்றும் சொன்னதில்லை. உங்களுக்கு மறந்திருந்தால் சொல்கிறேன்.

1970 நவம்பர். இத்தாலியிலிருந்து திரும்புகிறோம். நாம் பன்னிரண்டு பேர். எனக்குப் பத்தொன்பது வயது, அணியிலேயே சின்னவள். ஊரில் விற்கக் கொண்டுவந்த மொஹேர் கம்பளி நூல், ஆளாளுக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ, ஒருத்தி மட்டும் நாலு. பிரெஸ்ட் எல்லையில் சுங்கச் சோதனைக்கு முன்னால் எல்லாம் என் பைக்குள் வந்தது. "ஸோய்காவுக்குப் பச்சக் குழந்த முகம், அவ பையத் தொறக்க மாட்டாங்க." இதைச் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. சொன்னவர் நம் கேப்டன். தாங்கள்தான்.

திறந்தார்கள். பதினான்கு கிலோ. யாருடையது என்று மூன்று மணி நேரம் கேட்டார்கள். என்னுடையது என்றேன். தொப்பி பின்னப் போகிறேன் என்றேன். "எத்தன தலைக்கு?" என்று அந்த அதிகாரி கேட்டார்.

ஒரு வாரம் கழித்துக் கூட்டம் போட்டீர்கள். அணியிலிருந்து என்னை நீக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் தலைவர். முதலில் எழும்பியது தங்கள் கை. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்கு எழும்புவதுபோல, எல்லாருக்கும் முந்தி. பிறகு மற்ற கைகள். குறிப்பேட்டில் "ஏகமனதாக" என்று எழுதினார்கள். மூன்று மாதத்தில் நீங்கள் ஐரோப்பியச் சாம்பியன் ஆனீர்கள். நான் ரொட்டி சுடுகிறேன். நல்ல ரொட்டி.

வார்யா வர மாட்டாள். இனி அவளிடம் கிழங்கு வாங்கினால் ரயிலை விட்டு இறங்கி என்னைப் பார்த்துவிட்டு வாங்கவும்.

ஸோயா அர்ஹிபொவ்னா


சரதோவ்
1987 அக்டோபர் 20

ஸோயா,

நீங்களாம், தாங்களாம்! ஒரே படுக்கையில் தலைமாட்டுக்கு ஒருத்தி கால்மாட்டுக்கு ஒருத்தியாகத் தூங்கியவள் நீ. என் காலுறையைப் போட்டுக்கொண்டு ஆடியவள் நீ.

சரி, நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீயே சொல். கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் விளையாட்டுக் குழு மேலிடத்திலிருந்து ஒரு ஆள் வந்தான். "கேப்டன் கைதான் மொதல்ல எழும்பணும். இல்லேன்னா பன்னண்டு பேரும் வீட்டுக்குப் போங்க, ஐரோப்பாவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது" என்றான். மற்ற பத்துப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேப்டன். என்னையும் சேர்த்துப் பதினொன்று பெரிதா, நீ ஒன்று பெரிதா என்று கணக்குப் போட்டேன். இன்றைக்கும் அதே கணக்குத்தான் வருகிறது. (இந்த வரியை அடித்திருக்கிறேன். அடித்தாலும் படிக்க முடிகிறது. படித்துக்கொள்.)

உன் கடிதம் வந்த நாளிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. முன்பே முடியாது, இப்போது சுத்தமாக முடியவில்லை. ஆட்டத்தின்போது பெஞ்சில் உட்காராமல் கோட்டோரம் மேலும் கீழும் நடக்கிறேன், பை நிறையச் சூரியகாந்தி விதை, கொறித்துத் தள்ளுகிறேன். நடுவர் இரண்டு முறை எச்சரித்துவிட்டார். பொண்ணுகள் ஒரு நாள் கழுத்துத் துணியை எடுத்து என்னை நாற்காலியோடு கட்டிப் பார்த்தார்கள். நாற்காலியோடு எழுந்துவிட்டேன். மைதானம் கூட்டுகிற கிளாவா தொடப்பத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்கிறாள்: "ரிம்மா சவேல்யெவ்னா, நீங்க கோச்சா, கோழியா?"

வீட்டிலும் அப்படித்தான். அடுப்பில் தேநீர் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தால் பாத்திரம் கருகுகிற வாசனை வரும் வரை நடக்கிறேன். தனியாக இருக்கிறவளுக்கு யார் சொல்வது, நில்லுடி என்று.

வார்யாவைப் பற்றி இன்னொரு முறை யோசி. மாட்டுக்கு ஊசி போட ஒரு மீட்டர் தொண்ணூற்று நாலு எதற்கு?

ரிம்மா

அந்த நாலு கிலோவைப் பற்றி நீ எழுதியிருந்தாய். பார்த்தேன்.


மந்துரவோ, தந்தி
1988 ஜனவரி 19

வார்யா வெள்ளியிலிருந்து வீட்டில் இல்லை. உங்களிடமா. உடனே தெரிவிக்கவும். ஸோயா


சரதோவ்
1988 ஜனவரி 21

ஸோயா,

என் தந்தி இதற்குள் கிடைத்திருக்கும். இங்கேதான் இருக்கிறாள். நன்றாக இருக்கிறாள். காலில் மட்டும் கொப்புளம், அப்பாவுடைய பூட்ஸ் போட்டு வந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தட்டினாள். தோளில் சாக்கு, கையில் உப்புக் காளான் இரண்டு சாடி. "அம்மா குடுத்து விட்டாங்களா?" என்றேன். "அம்மாவுக்குத் தெரியாது. காளான் மட்டும் அம்மாவுது" என்றாள். எப்படி விலாசம் கிடைத்தது என்றால், நீ என் கடிதங்களை மாவுப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தாயாம். உன் வீட்டில் மாவு எடுக்கிறது யார் என்று யோசித்தாயா?

இப்போது உண்மையைச் சொல்கிறேன், பிறகு நீ என்னை என்ன வேண்டுமானாலும் செய். ஞாயிறே உனக்குத் தந்தி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. திங்களும் அடிக்கவில்லை. உன் தந்தி வந்த பிறகுதான் அடித்தேன். ஞாயிறு அவளைக் காளானும் ரொட்டியும் சாப்பிட வைத்துவிட்டு நேராக மைதானத்துக்கு அழைத்துப் போனேன். இரண்டு நாள் அவளை எனக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். பேராசை. நீ அங்கே உறைந்த ஆற்றில் பனியைத் துளைத்துத் துளைத்துத் தேடிக்கொண்டிருந்திருப்பாய் என்று இப்போதுதான் நினைக்கிறேன்.

ஆனால் ஸோயா, பந்து தெரியாது என்றாயே! பந்தை வாங்கினதும் மணிக்கட்டை மடக்கி விட்டாள் பார், அப்படியே நீ. கிளாவாகூடத் தொடப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நாற்பது முறை போட்டாள். நாற்பதில் முப்பத்தொன்று வளையத்தின் முன் விளிம்பில் மோதி விழுந்தது. ஒரே இடத்தில், ஒரே மாதிரி. உயரமே போகவில்லை, தட்டையாகப் போகிறது. இப்படி ஒரே தப்பை இவ்வளவு சுத்தமாகச் செய்ய வருஷக்கணக்கில் பழகியிருக்க வேண்டும். யார் பழக்கினது என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். அதுவும் உன்னை மாதிரியே.

ஞாயிறு ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் ஏற்றி அனுப்புகிறேன். சொல்லாவிட்டாலும் அனுப்புகிறேன். சீட்டு மேசை மேல் இருக்கிறது, நான் அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன்.

ரிம்மா


வெர்க்னி லோக்
1988 ஜனவரி 29

நீ ஒரு திருடி. இரண்டு நாள்! யெகோர் பனிக்கட்டியை உடைத்து உடைத்து ஆற்றுக்குள் கம்பு விட்டுப் பார்த்தார். அந்த மனுஷனுக்கு நீ என்ன பதில் சொல்வாய்?

அவள் ஞாயிறு ரயிலில் வரவில்லை. ஏறி, அடுத்த நிலையத்தில் இறங்கி, திரும்பி உன்னிடமே வந்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறாள். கூடவே நீ அவளைத் திட்டினாய் என்றும், திட்டிக்கொண்டே முட்டை பொரித்தாய் என்றும். யெகோர் படித்துவிட்டுச் சொன்னார்: "கட்டி வச்சா கயித்தோட போவா. விடு." அவர் சொன்னதற்காக விடுகிறேன், உனக்காக இல்லை.

வளையம் நான் மாட்டினதுதான். விறகுக் கொட்டகைக்குள், பழைய பீப்பாய் இரும்புப் பட்டையை வளைத்து. அவளுக்கு ஏழு வயது. வெளியில் மாட்டினால் ஊர் பார்க்கும், கேட்கும். கொட்டகைக் கூரை தாழ்வு, அதனால் வளையம் இருபது சென்டிமீட்டர் தாழ்வு, பந்தைத் தூக்கிப் போட்டால் உத்தரத்தில் இடிக்கும். தட்டையாகத்தான் போட முடியும். எனக்குத் தெரியும் அது தப்பு என்று. தப்பாகவே இருக்கட்டும், எந்தப் பயிற்சியாளரும் இவளை விரும்ப வேண்டாம் என்று நினைத்தேன். அப்புறம் ஏன் மாட்டினாய் என்று கேட்காதே. எனக்கும் பந்து சத்தம் கேட்க வேண்டியிருந்தது.

ஒரே ஒரு நிபந்தனை. இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள். அவள் பையில் அவள் பொருளைத் தவிர வேறு யாருடைய கைக்குட்டையும் இருக்கக் கூடாது. வெளியூர் போகும்போது அந்தப் பையை நீயே கட்டு, நீயே அவிழ். துணியில் பெயர் எழுதித் தைத்து அனுப்பியிருக்கிறேன், பையில் தைத்துவிடு.

ஸோயா


சரதோவ்
1988 ஏப்ரல் 5

ஸோயா,

இறங்கவில்லை! அணி தப்பித்தது! கடைசி ஆட்டம், கடைசி நிமிடம் வரை உயிர் போய்ப் போய் வந்தது. வார்யா வளையத்தில் பட்டுத் திரும்பி வந்த பந்துகளை மட்டும் பதினொன்று பிடித்தாள். போட்டது என்னவோ நான்கே புள்ளி, உன் கொட்டகைக் கூரை இன்னும் அவள் தலைமேல்தான் இருக்கிறது. தினமும் இருநூறு முறை, கயிறு கட்டி அதற்கு மேலாகப் போட வைக்கிறேன். "கயித்தத் தொட்டா மறுபடி ஒண்ணுலேர்ந்து" என்பேன். நேற்று நூற்றித் தொண்ணூற்று எட்டில் தொட்டாள். பந்தை எடுத்து வந்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். நான் பயந்துவிட்டேன், நிஜமாக. இவள் என்னைத் தாண்டிப் போவாள், ஸோயா. தேசிய இளையோர் அணிக்காரர் வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.

எங்கள் விளையாட்டுக் கழகத் தலைவர் என் தோளைத் தட்டி, "இன்னும் அஞ்சு வருஷத்துக்கு நீங்கதான்" என்றார்.

மே மாதம் போலந்தில் ஒரு போட்டி. அவளுக்கு வயது பதினாறு என்பதால் அம்மாவின் சம்மதக் கையெழுத்து வேண்டும். படிவம் இத்துடன். உன் நிபந்தனை சுவரில் இருக்கிறது. பை என் பொறுப்பு.

ரிம்மா


வெர்க்னி லோக்
1988 ஏப்ரல் 16

கிராம சோவியத் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டேன். எழுத்தர் அம்மாள், "என்ன ஸோயா, பேனாவ இப்படி அழுத்துற, அடி மேசையிலயும் கையெழுத்து விழுந்திருக்கு" என்றாள்.

போக வேண்டாம் என்று சொல்ல வந்தேன். சொன்னால் என்னை மன்னிக்க மாட்டாள். பிரெஸ்ட் வழியாகத்தானே திரும்புகிறீர்கள்? தண்டவாள அகலம் மாறுவதால் அங்கே வண்டிக்குச் சக்கரம் மாற்றுகிற அந்த மூன்று மணி நேரம் நீ அவள் பக்கத்தை விட்டு நகராதே. உட்கார். ஒரு தடவையாவது உட்கார்.

ஸோயா


சரதோவ்
1988 ஜூன் 2

ஸோயா,

வார்யா நாளைக் காலை ரயிலில் வருகிறாள். அதற்கு முன் இது உன் கையில் சேராது என்று தெரியும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியாது. அவள் உன்னிடம் குறைத்துச் சொல்வாள். நான் முழுக்கச் சொல்கிறேன்.

போட்டியில் இரண்டாம் இடம். பையை நானே கட்டினேன். துணிமணி, சீப்பு, உனக்கு ஒரு தலைத்துணி, யெகோருக்குத் தூண்டில் முள். அவ்வளவுதான். பாதிப் பை காலி. அதுதான் வினை. மற்ற பொண்ணுகளின் பை எல்லாம் பிதுங்கிக்கொண்டிருக்கிறது, இவளுடையது மட்டும் மெத்தென்று கிடக்கிறது.

பிரெஸ்ட் வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், சத்தியமாக. பெட்டியைத் தூக்கிச் சக்கரம் மாற்ற ஆரம்பித்தார்கள். அந்த இடி, அந்த ஆட்டம். 1970 அப்படியே திரும்பி வந்தது. பத்து நிமிடம்தான் இருந்தேன், முடியவில்லை. "இங்கயே இரு, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே தாழ்வாரத்தில் நடக்க ஆரம்பித்தேன். நீ கேட்டது ஒன்றே ஒன்று. உட்கார் என்றாய்.

நான் நடந்த அந்த நேரத்தில் கேப்டன் இன்னா உள்ளே போயிருக்கிறாள். "வார்யா, உன் பை காலியாத்தான இருக்கு, கொஞ்சம் வச்சுக்கயேன். உன்னையெல்லாம் யாரு சோதிக்கப் போறா?" நான் சொன்ன அதே சொல். நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, அது எப்படித்தான் பரவுகிறதோ. வார்யாவும் கேப்டன் கேட்டாளே என்று வைத்துக்கொண்டாள்.

பதினொரு ஜீன்ஸ், முப்பத்தாறு கண்மைப் பெட்டி. சுங்க அதிகாரி ஒவ்வொன்றாக இருக்கையில் அடுக்குகிறார். நான் வாசலில் நிற்கிறேன். "யாரோட பை இது?" என்றார். வார்யா வாயைத் திறப்பதற்குள் "என்னுது" என்றேன்.

நீ தைத்து அனுப்பிய துணியில் வார்யாவின் முழுப் பெயரை அவர் பார்த்தார். "வார்வாரான்னு போட்டிருக்கு. உங்க பேரு ரிம்மா இல்ல?"

"என் பை கிழிஞ்சு போச்சு. பொண்ணுகிட்ட கேட்டு வாங்கினேன்."

"இந்த ஜீன்ஸ் எல்லாம் உங்களுதா? உங்க ஒரு கால் போகுமா இதுக்குள்ள?"

"இளைக்கலாம்னு இருக்கேன்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் எழுதிக்கொண்டார். சிரித்துக்கொண்டே எழுதினார்.

போன வெள்ளி கூட்டம். அதற்கு முதல் நாள் பொண்ணுகள் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன்: "நாளைக்கு என்னைய நீக்கணும்னு கேப்பாங்க. எல்லாரும் கையத் தூக்கிடுங்க. யாரும் வீராப்புக் காட்ட வேண்டாம். எனக்கு வயசாச்சு, உங்களுக்கு ஆட்டம் இருக்கு." வார்யாவைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னேன். "உன் அம்மாவுக்கு நான் பட்ட கடன் இது. அதக் கெடுத்துராத." அவள் தலையை ஆட்டினாள். சரி என்றுதான் ஆட்டினாள் என்று நினைத்தேன்.

தலைவர் கேட்டார். முதல் கை இன்னாவுடையது. என்ன வேகம்! எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை, ஸோயா. அந்தக் கையை எனக்குத் தெரியும். பிறகு எல்லாக் கைகளும். வார்யா உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு கையும் முழங்கால் மேல். அவள்தானே எல்லாரிலும் உயரம், தூக்காத கைதான் எல்லார் கண்ணிலும் பட்டது.

"வார்வாரா, காது கேக்கலையா?"

"கேட்டுது."

"அப்ப?"

எழுந்து நின்றாள். "பை என்னுது" என்றாள்.

"அதுல இருந்ததெல்லாம்?"

"பை என்னுது. அவங்க அதுல என் துணியத்தான் மடிச்சு வச்சாங்க."

எத்தனை முறை கேட்டும் அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. இன்னாவின் பெயரையும் சொல்லவில்லை. இன்னா அழ ஆரம்பித்தாள், அழுதுகொண்டே இருந்தாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

என்னை நீக்கிவிட்டார்கள். அது போகட்டும். அவளுக்கு ஒரு வருஷம் ஆடத் தடை, இளையோர் அணிப் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள். உனக்குச் செய்ததையே உன் மகளுக்கும் செய்துவிட்டேன். இந்த முறை கையால் இல்லை, காலால். எழுந்து நடந்ததால்.

இன்னொன்று. இதை எழுதத்தான் முதல் கடிதத்திலிருந்து தவிக்கிறேன். அந்த நாலு கிலோ சாம்பல் நிற நூல் என்னுடையது. உன் பைக்குள் அதை வைத்தது என் கை. அன்றைக்குப் பன்னிரண்டு பேருடைய உயிரும் என் கையில் இருந்தது என்பதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்ட கணக்கு. எனக்கு ஐரோப்பா வேண்டியிருந்தது. அதனால் தூக்கினேன். என்னை மன்னித்துவிடு, ஸோயா. மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, கேட்டேன் என்றாவது இருக்கட்டும்.

என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. காலையில் எழுந்து மைதானம் வரை நடந்து போகிறேன். கிளாவா உள்ளே விடுகிறாள். ஆளில்லாத பெஞ்சில் இப்போதுதான் உட்கார முடிகிறது.

ரிம்மா


வெர்க்னி லோக்
1988 ஜூன் 11

ரிம்கா,

வந்து சேர்ந்தாள். ஒரு சட்டி உருளைக்கிழங்கைத் தனியாகத் தின்றுவிட்டு ஒரு நாள் முழுக்கத் தூங்கினாள். உன் கடிதம் அவளுக்கு மூன்று நாள் பின்னால் வந்தது. நீ சொன்னது சரி, பாதிதான் சொல்லியிருந்தாள். கண்மைப் பெட்டியைச் சொன்னாள், நீ இளைக்கப் போவதாகச் சொன்னதைச் சொல்லவில்லை. யெகோர் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உன்மேல் ஜனவரியிலிருந்து அவருக்கு இருந்த கோபம் அதோடு போயிற்று என்று நினைக்கிறேன். என் கோபம் போகவில்லை. உட்கார் என்று எழுதினேனே, பாவி.

நேற்று மாவு பிசைந்துகொண்டிருந்தேன். வார்யா வாசலில் நின்று கேட்டாள், "அம்மா, அன்னிக்கு உன் கூட்டத்துல எத்தன கை தூக்கினாங்க?"

"பதினொண்ணு" என்று சொல்ல வாயெடுத்தேன். பதினேழு வருஷமாக அதைத்தான் சொல்லி வந்தேன், எனக்கே. சொல்ல முடியவில்லை.

பன்னிரண்டு, ரிம்கா. நீ குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. எல்லாக் கைகளும் எழுந்த பிறகு தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஸோயா, நீங்களும் இன்னும் உறுப்பினர்தான். உங்க முடிவு என்ன?" என்றார். எனக்கு எதிராக என் கையே எழும்பியது. யாரும் மிரட்டவில்லை, முதல் நாள் சாயங்காலம் என்னிடம் எந்த ஆளும் வரவில்லை. எல்லாரும் தூக்கியிருக்கிறார்கள், நான் மட்டும் எப்படித் தூக்காமல் இருப்பது என்று தூக்கினேன். அதனால்தான் ஏகமனது. உன் கையைத் திட்டிக்கொண்டே இருந்தால் என் கையை நினைக்க வேண்டியதில்லை என்று உன்னையே திட்டிக்கொண்டிருந்தேன். நீ மன்னிப்புக் கேட்டுவிட்டாய். நான் யாரிடம் கேட்பது?

அவளிடம் சொன்னேன். மாவுக் கையோடு அப்படியே சொன்னேன். "உனக்கு அப்போ என்னைவிடக் கொஞ்சம்தானம்மா வயசு கூட" என்றாள். பிறகு கொட்டகைக்குப் போய்விட்டாள். பந்து சத்தம் கேட்டது. நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். நம்மால், அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாலும் முடியாததை, முழங்காலில் கை வைத்து உட்கார்ந்தே செய்துவிட்டாளே என்று.

நீ அவளைக் கெடுக்கவில்லை. இதை ஒரு முறைதான் சொல்வேன்.

கொட்டகைக் கூரையை யெகோர் தரையில் நின்றபடியே கம்பால் நெம்பிப் பிரித்துவிட்டார். "மழைல விறகு நனஞ்சா நனையட்டும்" என்கிறார். வளையத்தைச் சரியான உயரத்துக்கு ஏற்ற வேண்டும், இன்னும் இருபது சென்டிமீட்டர். ஒரு வருஷம் இருக்கிறது, அவள் ஷாட்டைத் திருத்தப் போதும். ஆனால் எனக்கு முழங்கால் போய்விட்டது, ஏணி ஏற முடியாது. யெகோருக்கு உயரம் என்றாலே தலை சுற்றும்.

வியாழக்கிழமை ரயிலில் வா. மந்துரவோவில் ஆறு நிமிடம் நிற்கும், இறங்கிவிடு. நடக்கிறதுக்கு இங்கே ஆற்றங்கரை நீளம். உனக்கு ஏணி வேண்டாம், முக்காலி போதும். எடுத்து வைத்திருக்கிறேன்.

ஸோய்கா